இளவரசியின் விக்கல்

எங்கள் ஊருக்குக் குடையோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும், மானியம் கொடுக்க வந்தவர்கள் என்று. கிரான்சியில் பிறந்தவன் எவனும் குடை வைத்திருக்க மாட்டான். ரயிலடி தாண்டி முதல் திருப்பத்திலேயே காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நாங்கள் நனைவோம், பிறகு காய்வோம். அவர்கள் கம்பி முறிந்த குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "இந்தக் காத்துல என்ன ஒரு உயிர்ப்பு பாருங்க" என்பார்கள்.

நிதானமாக, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். இதுதான் முதல்.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது. பணம் இல்லை என்று மூடினார்கள். நூலகத்தை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆனால் பண்பாட்டு மறுமலர்ச்சி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் எப்போதும் பணம் உண்டு. அது வேறு பானையில் இருக்கிற பணமாம். அதை எடுத்து மருந்து வாங்கக் கூடாது, சிலை வாங்கலாம். முதல் தடவை வந்ததில் வெண்கலத்தில் ஒரு ஹெர்ரிங் மீனை நிறுத்தினார்கள். ஹெர்ரிங் எங்கள் கடலை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிறது. அடுத்த தடவை விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் ஊதா நிறம் அடித்தார்கள். ஊருக்குத் தன்னம்பிக்கை வரும் என்று சொன்னார்கள். கம்பங்களுக்கு வந்திருக்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது குளியல்மண்டபம் ஒன்றுதான். கடற்கரை நடைபாதைக்கு அடியில், செங்கல் வளைவுகளுக்குள், ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு கடல்நீர்க் குளங்கள். கடல் ஒரு சுரங்கக் கால்வாய் வழியாக உள்ளே வரும், போகும். பச்சை ஓடு பதித்த சுவர். அந்த மாதிரி ஓடு இனி யாராலும் செய்ய முடியாது. நான் பள்ளி விட்டதும் அங்கேதான் துண்டு மடிக்கிற வேலைக்குப் போனேன். பிறகு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன், ஆனால் நினைப்பு பூராவும் அந்த ஓடுகளிலேயே இருந்தது. மண்டபத்தை மூடிய பிறகு அதைக் காப்பாற்ற ஒரு நண்பர்கள் சங்கம் ஆரம்பித்தோம். நான் செயலாளர். சங்கத்தில் பாதிப் பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மீதி இருந்தது நான், ரெஜ் ஹாபின், அவன் மனைவி கிளெனிஸ். ரெஜ் பிஸ்கட்டுக்காக வருவான்.

ரெஜும் என்னோடு துண்டு மடித்தவன்தான். அந்தக் காலத்தில் கோடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை கட்டினோம். டென்மார்க் தேசத்து இளவரசி ஒருத்தி, தீராத விக்கலோடு ஐரோப்பா பூராவும் வைத்தியம் பார்த்துவிட்டு, கடைசியில் கிரான்சிக்கு வந்தாள். பெண்கள் குளத்தில் தலையைப் பிடித்து முக்கினார்கள். விக்கல் நின்றுபோயிற்று. ரெஜ் அந்த விக்கலை நடித்தே காட்டுவான். கேட்டவர்கள் பெண்கள் குளத்துப் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கதை செத்துப்போகவில்லை. ஊர் வழிகாட்டிப் புத்தகத்தில் ஏறியது. பள்ளிச் சுவரில் ஓவியமாக வந்தது. இளவரசி குளித்த இடம் என்று நகரசபை நீலத் தகடு அடித்து மாட்டியது. மானியக் குழுவுக்கு நான் இருபது வருஷமாக ஓடுகளைப் பற்றியும் வளைவுகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை போகிற போக்கில் இளவரசியைச் சேர்த்தேன். உடனே ஃபிலிப்பா என்ற அம்மாள் குடையோடு வந்துவிட்டாள்.

"எங்களுக்குக் கல்லு மண்ணு வேண்டாம் லெனர்ட்," என்றாள். "எல்லா ஊர்லயும் கல்லு இருக்கு. இந்த இடத்தோட குரல் வேணும்."

குரலுக்காக ஒரு கலைஞரை அனுப்பினார்கள். இமோஜன் என்று ஒரு பெண், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டே தூங்குவாள் போல. கடல் சத்தம், கிழவர்கள் பேச்சு, இளவரசியின் மூச்சு என்று எதையெதையோ பதிவு செய்து, பெண்கள் குளத்துக்குள் ஒலிபெருக்கிகளை வைத்தாள். நடைபாதையில் காற்றுப் போக ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் பதித்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சனங்கள் அதைச் சுற்றி நின்று, கீழேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்பார்கள். கீழே இறங்க முடியாது. காப்பீடு இல்லாமல் இறங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தோம்.

செப்டம்பரில் ஒரு வாரக்கடைசி வரும், தெரியும் உங்களுக்கு. நாடு பூராவும் பூட்டிக் கிடக்கிற பழைய கட்டிடங்களையெல்லாம் சனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமைதான் ஃபிலிப்பா குழுவோடு வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் ரெஜ் ரொம்ப உற்சாகமாக இருந்தான்.

"நாளைக்கு அந்தக் குடைக்காரியம்மா கிட்ட இளவரசியோட அப்பா அம்மாவ அறிமுகப்படுத்தப் போறேன்டா லென்," என்றான்.

"யாரு?"

"நீயும் நானும்தான். துண்டு மடிச்சு மடிச்சு சலிச்சுப்போய்ப் பெத்த பொண்ணுன்னு சொல்லப் போறேன்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "சொன்னா பணம் வராது ரெஜ்."

"வந்தா மட்டும் என்ன ஆகப்போவுது? இன்னொரு மீன நட்டு வெப்பானுங்க."

"இது குளத்துக்கு வர்ற பணம்."

"அடப் போடா. குளம் செத்து எத்தன வருஷம் ஆச்சு. நீதான் பொணத்துப் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்க." என் தோளில் தட்டினான். "எனக்கு அந்தம்மா மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்டா. ஆயுசுல ஒரு நல்ல சிரிப்பு. அவ்வளவுதான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரெஜுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் அவனிடம் கஷ்டம். கெட்ட எண்ணம் உள்ளவனோடு பேரம் பேசலாம்.

சனிக்கிழமை காலையில் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஈரத்தில் செத்துவிட்டன. இமோஜன் மேலே கம்பிச் சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ரெஜைக் கூப்பிட்டு, பெண்கள் குளத்துக்குள் போய் ஒரு வயரைப் பார்த்துவிட்டு வா என்றேன். விசிலடித்துக்கொண்டே போனான். நான் பின்னால் கதவைச் சாத்தி இரும்புத் தாழைப் போட்டேன். பூட்டுக்கூட இல்லை, இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய தாழ். இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அவர்கள் மத்தியானம் ரயிலேறும்வரை அவன் அங்கே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்தச் சுவர் தாண்டிச் சத்தம் வராது என்றும் நினைத்தேன். காற்றுச் சட்டத்தை மறந்துவிட்டேன்.

ஃபிலிப்பா வந்தாள். ஊர்ச்சனம் கூடியது. இமோஜன் வெளிறிப்போய் நின்று, அமைதியும் ஒரு ஒலிதான் என்று ஆரம்பித்தாள். வேறு வழியில்லை அவளுக்கு. எல்லோரும் தலையைக் குனிந்து அமைதியைக் கேட்டார்கள். அப்போது கீழேயிருந்து வந்தது.

"லென். டேய் லென். கதவத் தொறடா."

அந்த வளைவுகள் குரலை என்னவோ செய்துவிடுகின்றன. பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்காது. கடலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

இமோஜன் என் கையைப் பிடித்தாள். "இது என்னோடது இல்ல."

"ரெஜ் உள்ள இருக்கான்," என்றேன். "ஒலிபெருக்கி போச்சுன்னதும் நானே பேசித் தர்றேன்னான்."

"நேரடியாவா?" அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பிரமாதம். அவங்க கிட்ட சொல்லிடாதீங்க."

ஃபிலிப்பா என்னைப் பார்த்தாள். "உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுதே?"

"துண்டு மடிக்கிற பையன்கள் அந்தக் காலத்துல இப்படித்தான் கூப்பிட்டுக்குவோம்," என்றேன். அது உண்மை.

ரெஜ் அப்போது கெட்ட வார்த்தையில் இறங்கியிருந்தான். கதவை உதைத்தான். ஃபிலிப்பா கண்ணை மூடிக்கொண்டாள். "கோபத்தைப் பாத்தீங்களா? கைவிடப்பட்ட ஒரு ஊரோட கோபம். கதவைத் திறன்னு யாரைப் பாத்துக் கேக்குது? நம்மளத்தான் கேக்குது."

அவளுடைய சகா ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு அம்மாள் நாயோடு நின்றிருந்தாள். அந்த நாய் மட்டும் கம்பிச் சட்டத்தை முன்னங்காலால் பிறாண்டி விடாமல் குரைத்தது. அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. சுற்றி நின்ற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு ஆள் மட்டும் என்னிடம் வந்து, "உள்ள நெசமாவே யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பலகையைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "ஓ, மன்னிச்சுக்குங்க" என்று நகர்ந்தார். எங்கள் சனத்தை நான் குறை சொல்லவில்லை. பலகை போட்டிருந்தால் தாண்ட மாட்டார்கள்.

கிளம்பும்போது ஃபிலிப்பா சொன்னாள், "எங்க தலைவர் நாளைக்கு இந்தப் பக்கம் வர்றார். அவர் ஒரு தடவை கேட்டுட்டா போதும், நான் பேசவே வேண்டாம். நாளைக்கும் இது இருக்குமா?"

இமோஜன் என்னைப் பார்த்தாள். நான் இருக்கும் என்றேன். இருபது வருஷம் காத்திருந்தவனிடம் கேட்கிற கேள்வி அது. வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

சாயங்காலம் கீழே போனேன். கதவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, துண்டு கொடுப்பதற்கு. அதன் வழியாக வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் கொடுத்தேன். வினிகர் நிறையப் போட்டு, அவனுக்குப் பிடிக்கிற மாதிரி.

"வெளையாட்டு போதும்டா லென்," என்றான். "தண்ணி முட்டிக்கு வருது. காலு மரத்துப்போச்சு."

"மேல் படியில உக்காரு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்."

"டேய், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டா. இளவரசி வந்தா. விக்கல் நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்னு வேணா சத்தியம் பண்றேன். போதுமா?"

"அது இல்ல ரெஜ். உன் குரல் அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு."

மீனை மென்றுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு மெடல் குடுப்பாங்களா?" என்றான்.

"கேட்டுப் பாக்குறேன்."

"ராணி கையால வேணும். சும்மா நகரசபைக்காரன் குடுத்தா வாங்க மாட்டேன்." பிறகு, "கிளெனிஸ் தேடுவாடா," என்றான்.

அவள் தேடவில்லை. ரெஜ் குடித்துவிட்டால் சொல்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே ரொட்டி கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலக் கேட்க வந்தாள். நடைபாதையில் ஒரு பெஞ்சு இருக்கிறது, யாரோ செத்தவர் பேர் பொறித்தது. அதில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து குரல் வந்ததும் ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஏம்ப்பா லென், இது எங்க ஆளு இல்ல?"

"ஆமா."

"திருட்டுப் பய. என்கிட்ட மூச்சு விடலியே." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ராத்திரி வீட்டுக்கு வராதது இதுக்குத்தானா? நான் வழக்கம்போல அவங்க அண்ணன் வீடுன்னு நெனச்சேன்."

இமோஜனோடு பயிற்சி என்றேன். அப்போது அவன் "கிளெனிஸ்" என்று கூப்பிட்டான். இரண்டு தடவை, மூன்று தடவை. அவள் கையிலிருந்த ரொட்டியை மடியில் வைத்துவிட்டாள்.

"நாப்பது வருஷமா 'ஏய், இந்தா'ன்னுதான் கூப்பிடுவான்," என்றாள். "எனக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னே அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவளிடமும் திரும்பிச் சொன்னாள், "அது என் வீட்டுக்காரர்." அந்தப் பெண், "நல்லாப் பண்றாருங்க," என்றாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தலைவர் மத்தியான ரயிலில் வருவதாக இருந்தது. அன்றைக்குத்தான் செப்டம்பர் மாதத்துப் பெரிய கடலேற்றம், ஆனால் அது சாயங்காலம்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் கடல் சுவரைத் தாண்டி நடைபாதைக்கு ஏறும். அந்த நாளில் பெண்கள் குளம் வளைவு உச்சிவரை நிரம்பும். கிரான்சியில் இது தெரியாதவன் கிடையாது, எனக்கும் தெரியும், ரெஜுக்கும் தெரியும். ரயில் நேரத்துக்கு வந்திருந்தால் எல்லாம் முடிந்து, நான் கதவைத் திறந்து, அவன் என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். சிக்னல் கோளாறு என்று வழியில் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலைப் பற்றி இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தலைவர் வந்து சேர்ந்தபோது அலைகள் சுவரில் மோதி எழும்பிக்கொண்டிருந்தன. சனங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெஜின் குரல் அதற்கு முன்னால் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. "தயவு செஞ்சு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நடு நடுவே தண்ணீர் சளக்கென்று அடிக்கும். தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மழை, ஆனால் ஒருவரும் அசையவில்லை.

பிறகு குரல் நின்றது. கடல் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. இதுதான் முடிவு என்று இமோஜன் நினைத்தாள், தலையைக் குனிந்து வணங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். கிளெனிஸும் எழுந்து நின்று தட்டினாள்.

தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மண்டபத்தைப் பத்தி இனிமே கவலப்படாதீங்க," என்றார். அவர் கை சூடாக இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். ரெஜ் அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை என்று கிளெனிஸ் உங்களிடம் வந்தாள். இமோஜன் கேட்டபோது, மேடைக்குப் பயந்து ஓடிவிட்டான், குடித்துக்கொண்டிருப்பான் என்றேன். கரையோரம் தேடினீர்கள், நானும் உங்கள் ஆட்களோடு நடந்தேன்; பலகையைப் பார்த்துவிட்டுக் குளத்துக்குள் மட்டும் யாரும் இறங்கவில்லை. இமோஜன் அந்த இரண்டு நாளையும் பதிவு செய்து வைத்திருந்தாள். ஒலிபெருக்கிகளுக்குப் புதிதாகப் பணம் வந்தது, கம்பிச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, தினம் மத்தியானம் போட்டார்கள். ஊதாக் கம்பங்கள்தோறும் துணியில் அச்சடித்துக் கட்டினார்கள்: கதவைத் திற. ஊரின் புதிய வாசகமாம். கிளெனிஸ் தினமும் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எங்க இருந்தாலும் இங்க இருக்கான்," என்று என்னிடம் சொல்வாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். தனியாக இருக்கிற பெண், வேறு யார் இருக்கிறார்கள்.

நவம்பரில் பணம் வந்து, காப்பீடு உள்ள ஆட்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கீழே போய்த் தாழைத் தூக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் ஒரு தடவைகூடக் கீழே போகவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது சரியில்லை. போனேன். ரயில் தாமதம் என்று தெரிந்ததும் போனேன். தாழைத் தூக்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன். கை அதன் மேல் இருந்தது. துண்டு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மேல் படியில் நின்றுகொண்டிருந்தான், தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வந்துட்டியாடா," என்றான். "வருவன்னு தெரியும். கிளெனிஸ் கிட்ட ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கலாம், நீ கவலப்படாத."

அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். மேலே சனங்கள் கலைய ஆரம்பிப்பது காலடிச் சத்தத்தில் கேட்டது. தலைவர் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் கத்த மாட்டான் என்று புரிந்தது. அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு மேலே வந்தேன். நான் நடைபாதையை எட்டுவதற்குள் குரல் திரும்ப ஆரம்பித்துவிட்டது, முன்னைவிட நன்றாக.

ஆக, ரெஜ் ஹாபினைக் கொன்றது நான்தான். அடைத்ததும் நான், தண்ணீர் வரும் என்று தெரிந்து விட்டுவிட்டு வந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். ஆனால் கிளெனிஸிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நான் திறப்பேன் என்று ரெஜ் கடைசி வரைக்கும் நம்பினான். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.